சத்தமாகச் சொல், தம்பி

தம்பி, இந்தக் கடிதத்தை உன் பட்டு வேட்டிக்கு மேலேயே வைத்திருக்கிறேன். பெட்டியைத் திறந்தால் முதலில் இதுதான் கையில் படும். வேனில் வைத்துத் திறந்தாலும் சரி, மட்டக்களப்புக்குப் போய்த் திறந்தாலும் சரி, பக்கத்தில் இருக்கிறவர்கள் எட்டிப் பார்த்தால் மறைக்காதே, படிக்கட்டும். ஒளித்துப் பேசுகிற பழக்கம் எனக்கு எப்போது இருந்தது? கண்டிச் சந்தையில் நம் காய்கறிக் கடையில் காலையில் நான் "வாங்க, வாங்க, பிஞ்சு போஞ்சி" என்று ஆரம்பித்தால் குட்ஸ் ஷெட் பஸ் நிலையத்தில் நிற்கிறவர்களுக்கே கேட்கும் என்று உன் அப்பா சொல்வார். அவர் அதைச் சொல்வது அடுத்த கடைக்காரருக்குக்கூடக் கேட்காது என்பது வேறு விஷயம்.

உன் கல்யாண வேலை தலைக்கு மேல் கிடக்கும்போது உட்கார்ந்து கடிதம் எழுதுகிறாளே என்று நீ நினைக்கலாம். போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியது என்னைச் சும்மா இருக்க விடவில்லை. உனக்கு வேலை கிடைத்திருக்கும் பள்ளிக்கூடத்தைப் பார்த்துவிட்டு, அப்படியே நீ கட்டிக்கொள்ளப் போகிற தர்ஷினி வீட்டில் மத்தியானச் சாப்பாட்டையும் முடித்துக்கொண்டு பேசினாய். சந்தோஷமாகப் பேசுவாய் என்று பார்த்தால், உன் குரல் அடுப்பில் வைத்த கீரை போலச் சுருங்கிக் கிடந்தது. "அம்மா, நான் வாயத் தொறந்தாலே அங்க சிரிக்கிறாங்க. நம்ம ஊரு மாதிரி ஒரு வார்த்த சொன்னா, சின்னப் புள்ளைங்க அதையே திருப்பிச் சொல்லிக் காட்டுது. மாமி என்னமோ கேட்டாங்க, பாதி வெளங்கல. நான் தலைய மட்டும் ஆட்டிட்டு வந்துட்டேன். இஸ்கூல்ல எப்பிடிப் புள்ளைங்களுக்குப் பந்து வெளையாட்டுச் சொல்லிக் குடுக்கிறது? கல்யாணம் முடிஞ்சதும் கண்டிப் பக்கமே மாத்திக் கேக்கவா?" என்றாய். அந்த நேரம் என் முன்னால் ஆள்கள் நின்றார்கள், ஒரு கையில் நிறுக்க எடுத்த கோவா, ஒரு கையில் போன். "பொறகு பேசுவோம்டா" என்று வைத்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் தர்ஷினியின் அம்மா போனில் கூப்பிட்டார். "மகன் ஒண்டும் கதைக்கிறார் இல்லயே, நாங்க ஏதும் பிழையா நடந்திட்டமா?" என்று கேட்டார். தம்பி, அந்த அம்மாவின் குரலில் இருந்த பயத்தைக் கேட்டபோது எனக்கு உன்மேல் கோபமே வந்தது. நீ அவர்களுக்குப் பயந்து வாயை மூடியிருக்கிறாய். அவர்களோ உன் வாயைப் பார்த்துப் பயந்துபோய் இருக்கிறார்கள். இப்படி நீ ஊமையாகப் போனது இது முதல் தடவை இல்லை. அந்த முதல் தடவையை நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் ஞாபகப்படுத்தத்தான் இதை எழுதுகிறேன்.

உனக்குக் கூடைப்பந்துப் பைத்தியம் எப்போது பிடித்தது என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் காலேஜ் விட்டு வந்து, "அம்மா, என்னய டீமுல எடுத்துட்டாங்க, நான்தான் கார்ட்" என்றாய். எனக்குத் தெரிந்த கார்ட், கண்டி ஸ்டேஷனில் பச்சைக்கொடி காட்டுகிறவர் மட்டும்தான். நீ சிரித்துவிட்டு, பந்தைத் தட்டிக்கொண்டு முன்னால் வருகிறவன், யார் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று கூட்டாளிகளுக்குச் சொல்கிறவன் என்று விளக்கினாய். "ஓடுறது அவனுங்க, சொல்றது இவனா? அப்ப ஒங்க புள்ளதான்" என்று அப்பா என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். அவர் சொன்னது சரிதான். உன் விளையாட்டைப் பார்க்க வந்த முதல் நாளே எனக்கு அது விளங்கிவிட்டது. பந்து கையில் இருந்தால் நீ ராஜா. கையை விட்டுப் போய்விட்டால், புசல்லாவை பஸ்ஸுக்கு நிற்கிறவன் மாதிரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்பாய். எதிரிப் பிள்ளைகள் உன்னைத் தாண்டி ஓடுவார்கள், நீ திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாய். புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த எனக்குக் கூடைப்பந்து தெரியாவிட்டாலும், வேலை செய்யாமல் நிற்கிறவனைத் தெரியும்.

உங்கள் ஐந்து பேரில் தமிழ்ப் பிள்ளை நீ ஒருவன்தான். மற்ற நாலு பேரும் சிங்களப் பிள்ளைகள். அதில் உயரமானவன் நுவன், கலகெதரையிலிருந்து பஸ் பிடித்து வருகிறவன், நம் வீட்டுத் தோசைக்காகவே உனக்குக் கூட்டாளியானவன். அவனுடைய மூளையில்தான் அந்த யோசனை உதித்தது. நீங்கள் விளையாடப் போகிற காலேஜ்களில் எல்லாருக்கும் சிங்களம் தெரியும், இங்கிலீஷும் தெரியும். தமிழ் யாருக்கும் தெரியாது. அதனால் நீ தமிழிலேயே சொல்லு மச்சாங், நாங்கள் படித்துக்கொள்கிறோம் என்றான். நம் வீட்டு முன்னறையில் கதிரைகளைத் தள்ளிப் போட்டுவிட்டு நீ வாத்தியார் மாதிரி நின்றாய். இடது, வலது, உள்ள, வெளிய, சும்மா காட்டு, அதாவது பந்தைக் கொடுக்கிற மாதிரி காட்டிவிட்டுக் கொடுக்காதே. வாசலில் காய்ந்த என் வடகத்தை மிதித்துக்கொண்டு அந்த நாலு தடியன்களும் தமிழ் படித்தார்கள். அந்த வருஷம் முழுக்க நீங்கள் போன இடமெல்லாம் வெற்றிதான். நீ "சும்மா காட்டு" என்று கத்துவாய், எதிரிப் பிள்ளைகள் பேந்தப் பேந்த விழிப்பார்கள், பந்து கூடைக்குள் விழும். உனக்கு அப்போது தலைகால் புரியவில்லை. எனக்கு மட்டும் புரிந்ததா என்ன? உன் சத்தம் அந்தப் பக்கம் நிற்கிறவனுக்குக் கேட்காதோ என்று நான் மேலே படியில் உட்கார்ந்துகொண்டு, நீ ஒரு தடவை சொன்னதை இரண்டு தடவையாகச் சொல்லுவேன். "இடதாம்டா, இடதாம்!" நுவன் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு ஓடுவான்.

அப்புறம்தான் கண்டியில் நடந்த அந்தப் போட்டியின் கடைசி ஆட்டம். எதிரில் கிழக்கிலிருந்து, மட்டக்களப்பிலிருந்து, வந்த ஒரு கல்லூரி. தம்பி, இதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உன் கோச் சேர் யோசிக்கவில்லை, நுவன் யோசிக்கவில்லை, நீ யோசிக்கவில்லை, பிறந்ததிலிருந்து தமிழைத் தவிர வேறு பாஷையில் கனவுகூடக் காணாத நானும் யோசிக்கவில்லை. நீ "இடது" என்றாய், அவர்கள் இடது பக்கம் போய் நின்றார்கள். "உள்ள" என்றாய், உள்ளே மூன்று பேர் காத்திருந்தார்கள். "சும்மா காட்டு" என்றாய், ஒருவன்கூட அசையவில்லை. நான் மேலேயிருந்து விடாமல் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். அவர்களில் யாருக்காவது நீ சொன்னது தப்பியிருந்தாலும் நான் சொன்னது தப்பியிருக்காது. கடைசியில் அவர்களுடைய கேப்டன் ஜெகன், உன் கையிலிருந்த பந்தைத் தட்டிப் பறித்துக்கொண்டு போகிற போக்கில், "மச்சான், நாங்களும் தமிழ்தானடா!" என்றான். படியில் உட்கார்ந்திருந்த அவ்வளவு பேரும் சிரித்தார்கள். அவனுக்குக் கெட்ட எண்ணம் இல்லை, அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் உன் முகத்தில் ஈயாடவில்லை. அதற்குப் பிறகு நீ வாயைத் திறக்கவே இல்லை. பந்து கைக்கு வந்த உடனே சுடுகிறது போல யாரிடமாவது தள்ளிவிட்டாய். அன்றைக்கு நம் மானம் கப்பலேறி மட்டக்களப்புக்கே போய்ச் சேர்ந்தது.

தோற்றதற்கு எல்லாரும் இரண்டு நாள் வருத்தப்பட்டுவிட்டு விட்டார்கள். நீ மட்டும் விடவில்லை. விளையாட்டுப் பெனியனைத் தோய்த்து மடித்து அலுமாரிக்குள் வைத்தாய். கோச் சேரிடம் போய் வேறு ஆளைப் போடுங்கள் என்று சொன்னாயாம். ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்கு வருவாய், வந்தால் முன்பெல்லாம் நீயும் நானும் போட்டி போட்டுக்கொண்டு கூவுவோம், இப்போது மூட்டையைத் தூக்கி வைத்துவிட்டு மூலையில் நின்றாய். பக்கத்துப் பழக்கடை ரவுப் நானா என்னிடம் வந்து, "தங்கச்சி, ஒங்கட மகன் ஏன் வாய மூடிக்கிட்டு ஈக்கிறான்? பல்லு வலியா?" என்று கேட்டார். நான் என்ன செய்தேன்? எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். திட்டினேன். கெஞ்சினேன். கதிர்காமக் கந்தனுக்கு நேர்ந்துகொண்டேன். கட்டுக்கலைப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். உனக்குப் பிடித்த இடியப்பமும் சொதியும் செய்து வைத்துவிட்டு, நீ சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து உன் வாயையே பார்த்தேன். எதுவும் பலிக்கவில்லை. அந்த வயதில் வாயடைத்துப் போன பிள்ளையை அம்மாவால் பேச வைக்க முடியாது, அதை நான் அப்போது படித்துக்கொண்டேன்.

உன் கோச் சேர் நல்ல மனிதர். உன்னை விடவும் இல்லை, கட்டாயப்படுத்தவும் இல்லை. வாய் வேண்டாம், கை காலை மட்டும் கொண்டு வா என்றாராம். சொல்கிற வேலையை வேறு பையனிடம் கொடுத்துவிட்டு, உன்னை எதிரியை மறிக்கிற வேலைக்கும், கூடையில் பட்டுத் தெறிக்கிற பந்தைப் பாய்ந்து பிடிக்கிற வேலைக்கும் போட்டார். உனக்கு அது தண்டனை மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்தால் முழங்காலெல்லாம் சிராய்ப்பு. இடது கை உனக்கு வழங்கவே இல்லை என்று அவர் சொன்னதும் நீ அதைப் பிடித்துக்கொண்டாய். பல் விளக்குவது இடது கையால், கதவு திறப்பது இடது கையால், பஸ்ஸில் கம்பி பிடிப்பது இடது கையால். ஒரு நாள் இராத்திரி சோற்றில் இடது கையை வைத்தாயே, ஞாபகம் இருக்கிறதா? கையில் இருந்த அகப்பையாலேயே ஒன்று போட்டேன். அதோடு விட்டாயா? அடுத்த நாள் கடையில், கோயிலுக்குப் போகிற வழியில் வந்த ஒரு பெரியம்மாவுக்கு இடது கையால் வெற்றிலையும் வாழைக்காயும் நீட்டினாய். அவர் வாங்காமல் அப்படியே நின்றார். நான் ஓடி வந்து மன்னிப்புக் கேட்டு, என் கையால் எடுத்துக் கொடுத்து, மேலே ஒரு எலுமிச்சம்பழமும் வைத்து அனுப்பினேன். அன்றைக்குத்தான் நம் வீட்டில் சட்டம் போட்டோம். சாப்பிடுவதும் கொடுப்பதும் வலது கை, மற்றதெல்லாம் உன் இஷ்டம். வாயில் வராத கோபத்தை எல்லாம் நீ அந்தக் கையில் காட்டினாய் என்று எனக்குத் தோன்றும்.

இப்போது குரங்கு விஷயத்துக்கு வருகிறேன். இதை உன் மாமியார் வீட்டில் நீயே சொல்லியிருந்தால் அவர்கள் உன்னைத் தோளில் தூக்கி வைத்திருப்பார்கள், நீதான் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாயே. தீபாவளிக்கு முந்தின கிழமை, சந்தையில் கால் வைக்க இடமில்லை. கத்திக் கத்தி என் தொண்டை கட்டிப்போய் வெறும் காற்றுத்தான் வருகிறது. அப்பா தராசைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். கூரையிலிருந்து இறங்கின ஒரு கடுவன் குரங்கு, அவர் மூக்கில் இருந்த கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டது. அதை அவர், யாரோ தட்டின கதவைத் திறக்கப் போகிறவர் போல அமைதியாக, "குரங்கு... கண்ணாடி..." என்று சொன்னார். யாருக்குக் கேட்கும்? எனக்கும் சத்தம் வரவில்லை. கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்குத் தராசும் தெரியாது, படியும் தெரியாது. எங்கள் இரண்டு பேருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அப்போதுதான் மூலையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. "இடது! இடது பக்கம் மறி! நானா, படியில நில்லுங்க, மேல விடாதீங்க! அங்கிள், ஒயா பெத்தென் நவத்தன்ன! அப்பா, நீங்க அசையாதீங்க!" தமிழும் சிங்களமும் கலந்து கட்டி, சந்தையே அதிருகிற மாதிரி. ரவுப் நானா படிக்கு ஓடினார், அந்தப் பக்கம் மறிக்கச் சொல்லிச் சிங்களத்தில் நீ கத்திய கருவாட்டுக்கடை அங்கிள் சாக்கை விரித்துக்கொண்டு போனார், மூட்டை தூக்குகிறவர்கள் வழியை அடைத்தார்கள். ஏன் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை, நீ சொன்னாய், அவர்கள் செய்தார்கள். குரங்கு போக வழியில்லாமல் ரவுப் நானாவின் கடைப் பலகை மேல் ஏறி நின்றது. நீ ஒரு வாழைப்பழத்தை எடுத்து, இடது கையால், ஒரு குழந்தைக்குக் கொடுக்கிற மாதிரி பதமாக அதன் நெஞ்சுக்கு நேரே போட்டாய். அதைப் பிடிக்க அது இரண்டு கையையும் நீட்டியது. கண்ணாடி விழுந்தது. நீ தாவி அதைத் தரையில் படாமல் பிடித்தாய். கைதட்டல் கேட்டபோதுதான், அடடா, நாம் கத்தினோமே என்று உனக்கே தெரிந்தது போல அசடு வழிய நின்றாய். "பல்லு வலி சொகமாயிட்டு போல" என்றார் ரவுப் நானா. கண்ணாடியின் ஒரு கால் மட்டும் கழன்று போயிருந்தது. அதை நூலால் கட்டிக்கொண்டு அப்பா அந்தத் தீபாவளியை ஓட்டினார்.

நான் நேர்ந்துகொண்ட சாமிகள் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது, ஆனால் உன் வாயைத் திறந்தது அந்தக் குரங்குதான். அடுத்த நாள் அலுமாரியிலிருந்து பெனியனை எடுத்தாய். கோச் சேர் உன்னைப் பழைய இடத்தில் போட்டபோது, வந்தவன் பழைய ஆள் இல்லை. அந்த வருஷப் போட்டிக்கு அதே மட்டக்களப்புக் கல்லூரி வந்தது, அதே ஜெகன் வந்தான். ஆட்டத்துக்கு முதல் நாள் நீ என்னிடம் வந்து, "அம்மா, நாளைக்கு நீங்க மேல ஒக்காந்து கத்தணும்" என்றாய். "போடா, போன தடவ பட்டது போதாதா?" என்றேன். நீ சிரித்தாய். நீ அப்படிச் சிரித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. நுவனும் நீயும் என்ன பேசி வைத்திருக்கிறீர்கள் என்று சொன்னபோது நானும் சிரித்துவிட்டேன்.

ஆட்டம் தொடங்கியது. நீ சந்தையில் கூவுகிற மாதிரி "இடது!" என்றாய். நானும் என் பங்குக்கு, "இடதாம்டா, இடதாம்!" என்று எடுத்துக் கொடுத்தேன். ஜெகன் மேலே என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டிவிட்டு இடது பக்கம் பாய்ந்தான். பந்து வலது பக்கம் போய்க் கூடையில் விழுந்தது. இன்னொரு தடவையும் ஏமாந்தான். அதற்குப் பிறகு அவர்கள் உஷாராகி, நீ சொல்கிறதற்கு எதிர்ப்பக்கம் ஓட ஆரம்பித்தார்கள். அப்போது நீ உண்மையைச் சொன்னாய், எது எப்போது என்று கூட்டாளிகளுக்கு மட்டும் கண்ஜாடை காட்டினாய். கடைசியில் எது பொய் எது மெய் என்று தெரியாமல் ஜெகன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். எனக்கு உன்னுடைய பழைய கோலம்தான் ஞாபகம் வந்தது. நீ அன்றைக்கு ஒரு தடவைகூட அப்படி நிற்கவில்லை, தம்பி. பந்து கையில் இல்லாத நேரத்தில்தான் உன்னைப் பார்த்து நான் அதிகம் பூரித்துப்போனேன். ஓடிப் போய் மறித்தாய், தெறித்த பந்துக்குப் பாய்ந்தாய், விழுந்த எதிரிப் பிள்ளைக்குக் கை கொடுத்தாய், அந்த வழங்காத இடது கையால் பந்தைத் தட்டிக்கொண்டு அவர்கள் நடுவில் புகுந்து போனாய். கடைசிப் பந்தில் "உள்ள!" என்று கத்தினாய். அது உண்மை. கூடைக்குக் கீழே நுவன் நின்றான், இடது கையாலேயே அவனிடம் கொடுத்தாய், அவன் போட்டான். ஒரு கூடை வித்தியாசத்தில் வென்றோம். கொடுப்பதற்கு வலது கை என்று நான் போட்ட சட்டத்தை அன்றைக்கு நானே மன்னித்தேன்.

ஆட்டம் முடிந்ததும் ஜெகன் நேரே என்னிடம் வந்து, "அன்ட்டி, நீங்க பொய் சொல்லுவீங்க எண்டு நான் நினைக்கல்ல" என்றான். நான் அவர்கள் எல்லாரையும் வீட்டுக்குக் கூட்டி வந்து சோறு போட்டேன். அவன் அம்மாவுக்குப் போன் போட்டுக் கொடுத்தான். நானும் அவரும் ஒருவர் பேச்சு ஒருவருக்குப் பாதி விளங்காமல் ஒரு மணித்தியாலம் பேசினோம். அவர் "மறுகா, மறுகா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். 'பிறகு' என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று விளங்க எனக்குப் பாதிப் பேச்சு முடிந்துவிட்டது. அதற்காக நான் பேச்சை நிறுத்தினேனா? அதற்குப் பிறகு நீங்கள் அங்கே போவதும், அவர்கள் இங்கே வருவதும், ஜெகனுடைய தங்கச்சி தர்ஷினி நம் வீட்டுக்கு வந்தபோது நீ தேவையில்லாமல் மூன்று தடவை தண்ணீர் குடிக்க உள்ளே வந்ததும் எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. கூட்டாளியின் தங்கச்சியிடம் பேச வாய் இருந்தது, அவள் வீட்டுப் பெரியவர்களிடம் பேச வாய் இல்லையா?

அவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள், தம்பி. நம் பேச்சு அவர்களுக்குப் புதுசு. நுவன் தமிழ் பேசும்போது நாம் சிரிக்கவில்லையா? அவன் கோபித்துக்கொண்டானா? இன்னும் இரண்டு தோசை கேட்டான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உன்னைப் போலப் பேசிக் காட்டினால், நீ சொல்கிறதை அந்தப் பிள்ளைகள் காது கொடுத்துக் கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொள். விளங்காததை விளங்கவில்லை என்று கேள். மாற்றம் கேட்கிற எண்ணத்தை விடு. அந்த ஊரில் எங்கோ ஒரு பையன் பந்து கைக்கு வந்ததும் பயந்து தள்ளிவிட்டுக்கொண்டிருப்பான், அவனுக்கு நீ வேண்டும். எதற்கும் ஒரு சீப்பு வாழைப்பழம் கையில் இருக்கட்டும். வீட்டுக்குள் ஒரு புத்தி மட்டும் சொல்கிறேன். பந்து உன் கையில் இல்லாத நேரம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்காதே. தர்ஷினி சமைத்தால் நீ பாத்திரம் கழுவு, அவள் பேசினால் நீ கேள், அவள் களைத்துப்போனால் நீ ஓடு. உன் அப்பாவுக்குச் சத்தம் இல்லையே தவிர, இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அவர் என் பக்கத்தில் சும்மா நின்றதில்லை. அதனால்தான் நான் இவ்வளவு சத்தமாக வாழ முடிந்தது.

வெள்ளிக்கிழமை ஒரு விஷயம் இருக்கிறது. தாலி கட்டுகிற நேரத்தில் மேளக்காரருக்குக் கேட்கிற மாதிரி "கெட்டிமேளம்!" என்று ஒரு ஆள் கத்த வேண்டும். எங்கள் கல்யாணத்தில், புசல்லாவைத் தோட்டத்துக் கோயிலில், அந்தப் பொறுப்பு உன் அப்பாவின் பெரியண்ணனுக்கு. அந்தக் குடும்பத்தின் தொண்டைதான் உனக்குத் தெரியுமே. அவர் இரண்டு தடவை சொன்னார், முன்னால் எரிந்த விளக்குகூட அசையவில்லை. மேளக்காரர் யாரிடமோ வெற்றிலை வாங்கிக்கொண்டிருந்தார். அப்பா தாலியைத் தூக்கிப் பிடித்தபடியே நிற்கிறார், நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது. மணவறையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த நானே நிமிர்ந்து, "கெட்டிமேளம்!" என்று ஒரு போடு போட்டேன். மேளம் இடி மாதிரி முழங்கியது, கோயிலே சிரித்தது, சிரித்துக்கொண்டே உன் அப்பா எனக்குத் தாலி கட்டினார்.

உன் கல்யாணத்தில் அந்தப் பொறுப்பை அப்பாவிடம் கொடுத்திருக்கிறார்கள். அவரும் ஒரு கிழமையாகக் குளியலறைக்குள் பழகிப் பார்க்கிறார், வெளியே தண்ணீர் விழுகிற சத்தம்தான் கேட்கிறது. என்னை நம்பாதே. அந்த நேரம் நான் அழுதுகொண்டிருப்பேன், என் வாயில் ஒன்றும் வராது. அதனால் அப்பா சொல்லி முடித்தும் மேளம் எழும்பாவிட்டால், கையில் தாலியோடு பேந்தப் பேந்த விழிக்காதே. அன்றைக்குச் சந்தையில் கத்தினாயே, அதே மாதிரி நீயே கத்து. கூச்சப்படாதே, தம்பி. அங்கே இருக்கிற அத்தனை பேருக்கும் புரியும்.